வாடகைக் காரில் ஐரோப்பிய எல்லைகளைக் கடப்பது எப்படி: மியூனிக்கிலிருந்து ஐந்து நாடுகள் சுற்றிவர முழுமையான வழிகாட்டி

மியூனிக்கிலிருந்து சால்ஸ்பர்க் போகும் ஆட்டோபான் நெடுஞ்சாலையில் ஜெர்மனி முடிந்து ஆஸ்திரியா தொடங்குகிற இடத்தைப் பெரும்பாலும் ஒரு நீலப் பலகைதான் காட்டுகிறது. நட்சத்திர வட்டத்துக்குள் நாட்டின் பெயர், அவ்வளவுதான். ஆஸ்திரியாவுக்குள் போகும் திசையில் கேட் இல்லை, முத்திரை இல்லை. முதல் முறை போகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு, கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு போவதைவிட இது சுலபம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

சாலையில் சுலபம்தான். ஆனால் எல்லை மறைந்துபோகவில்லை. அது சாலையை விட்டு வாடகை ஒப்பந்தத்துக்குள்ளும், காப்பீட்டு விதிகளுக்குள்ளும், டோல் கேமராவின் கணினிக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. எல்லை வேலைகளை எல்லைக்கு வந்தபிறகு செய்ய முடியாது. காரை எடுப்பதற்கு முன்பும், சாவி கைக்கு வந்த முதல் அரை மணி நேரத்திலும் செய்து முடிக்க வேண்டியவை அவை. இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

பொதுவாகச் சொன்னால் மனதில் நிற்காது என்பதால் ஒரு பாதையை வைத்துப் பேசுகிறேன். மியூனிக்கில் கார் எடுத்து, சால்ஸ்பர்க் வழியாக ஸ்லோவேனியாவின் பிளெட் ஏரி, லூப்லியானா, கடற்கரை ஊரான பிரான். பிறகு குரோஷியாவின் ரோவின். அங்கிருந்து இத்தாலியின் டிரியெஸ்டே, வெனிஸ், வெரோனா. பிரென்னர் கணவாய் வழியாக மீண்டும் மியூனிக். ஐந்து நாடுகள். ஐரோப்பாவில் உள்ள முக்கியமான டோல் முறைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு சுற்றிலேயே வந்துவிடும். எடுத்த இடத்திலேயே திரும்ப விடுகிறோம் என்பதும் முக்கியம். ஒரு நாட்டில் எடுத்து வேறு நாட்டில் விட்டால் அதற்கான கட்டணம் பல நூறு யூரோ வரை போகும்; சில நேரம் வாடகையையே தாண்டும்.

முதல் படி: விசாவும் லைசென்ஸும்

ஐந்து நாடுகளும், ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஷெங்கன் பகுதிக்குள் இருக்கின்றன. குரோஷியா 2023 ஜனவரி 1 அன்று ஷெங்கனில் சேர்ந்தது. அதே நாளில் யூரோவுக்கும் மாறியது. எனவே இந்தச் சுற்றுக்கு ஒரே விசா, ஒரே நாணயம் போதும். பழைய பயணக் குறிப்புகளில் குரோஷியாவின் முந்தைய நாணயமான "குனா மாற்றிக்கொள்ளுங்கள்" என்று இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

கவனிக்க வேண்டியது, பாதையை நீட்டும்போது. ரோவினிலிருந்து கடலோரமாகத் தெற்கே துப்ரோவ்னிக் வரை போகலாம் என்று ஆசை வரும். அந்த வழியில் நேயும் என்ற இடத்தில் போஸ்னியா ஒரு துண்டாகக் கடலைத் தொடுகிறது. போஸ்னியா ஷெங்கனில் இல்லை. ஒற்றை நுழைவு விசா வைத்திருப்பவர் அங்கே கால் வைத்தால் விசா அத்தோடு முடிந்தது. திரும்பக் குரோஷியாவுக்குள் வர முடியாது. 2022 ஜூலையில் திறந்த பெல்யெஷாட்ஸ் பாலம் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டது. போஸ்னியாவைத் தொடாமல் கடலுக்கு மேலேயே போய்விடலாம். மேப்பில் வழி போடும்போது பாதை பாலத்தில்தான் போகிறதா என்று ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள்.

லைசென்ஸ் விஷயத்தில் தயங்க வேண்டாம்: இந்திய லைசென்ஸோடு இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கவுன்ட்டரில் நம் ஆங்கில லைசென்ஸைப் பார்த்தே கார் கொடுத்துவிடுபவர்கள் உண்டு. ஆனால் கார் கொடுப்பவர் வேறு, சாலையில் நிறுத்தும் போலீஸ் வேறு. இத்தாலியில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வாங்கிய லைசென்ஸுக்கு இந்தப் பெர்மிட்டோ அதிகாரபூர்வ மொழிபெயர்ப்போ இருக்க வேண்டும் என்பது சட்டம். பரிவாகன் தளத்தில் படிவம் 4ஏ வழியாக விண்ணப்பித்து ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கலாம். கட்டணம் 1,000 ரூபாய், செல்லுபடி ஒரு வருடம். இலங்கையில் சிலோன் ஆட்டோமொபைல் சங்கம் இதைத் தருகிறது. பெர்மிட் தனியாகச் செல்லாது. அசல் லைசென்ஸும் கூடவே இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: புக் செய்யும் முன் ஒப்பந்தத்தில் ஒரு பக்கத்தைத் தேடுங்கள்

விலையை ஒப்பிட்டுக் காட்டும் தளங்களில் முதலில் கண்ணில் படுவது நாள் வாடகை. எல்லை தாண்டுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது வாடகை நிபந்தனைகளில் வரும் நாடுகளின் பட்டியல். ஒவ்வொரு நிறுவனமும் ஐரோப்பாவை மண்டலங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. முதல் மண்டலத்துக்குத் தாராளமாகப் போகலாம். இரண்டாவதற்குச் சில வகைக் கார்கள் மட்டும். மூன்றாவதற்கு எந்தக் காரும் கூடாது. ஜெர்மனியில் எடுக்கும் காரை ஆஸ்திரியாவுக்குக் கொண்டுபோவதில் பொதுவாகச் சிக்கல் வராது. இத்தாலியும் குரோஷியாவும் வரும்போதுதான் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. விலை உயர்ந்த கார்களுக்குக் கட்டுப்பாடு அதிகம். பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ், ஆடி போன்றவற்றைக் கிழக்கு நாடுகளுக்கும், சில ஒப்பந்தங்களில் இத்தாலிக்கும்கூட, கொண்டுபோகக் கூடாது என்று எழுதியிருக்கும். நீங்கள் புக் செய்தது சாதாரண கார்தான். ஆனால் கவுன்ட்டரில், "உங்களுக்கு இலவசமாகப் பெரிய கார் தருகிறோம்" என்பார்கள். ஜெர்மனியில் இது அடிக்கடி நடக்கும். சந்தோஷமாகச் சாவியை வாங்கிவிட்டால், குரோஷியா போக அனுமதி இல்லாத காரில் உட்கார்ந்திருப்பீர்கள். சாவி வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "இந்தக் குறிப்பிட்ட காரில் ஆஸ்திரியா, ஸ்லோவேனியா, குரோஷியா, இத்தாலி போகலாமா?" பதிலை வாயால் வாங்கினால் போதாது. ஒப்பந்தத்தில் நாடுகளின் பெயர்கள் அச்சாகியிருக்க வேண்டும். சில நிறுவனங்கள் இதற்கென எல்லை தாண்டும் கட்டணம் வாங்கும். கட்டிவிடுங்கள், இந்தப் பயணத்தில் மனநிம்மதிக்காகக் கொடுக்கிற பணங்களிலேயே மிகவும் நியாயமானது அதுதான்.

சொல்லாமல் போனால் யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. இப்போதைய வாடகைக் கார்களில் இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி இருப்பது சகஜம். அதைவிட, ஏதாவது நடந்தால் போலீஸ் அறிக்கையில் ஊர் பெயர் இருக்கும்.

இடைத்தரகர் தளம் வழியாக புக் செய்தால் இரண்டு விதிமுறைகள் உண்டு: தளத்துடையது ஒன்று, கார் கொடுக்கும் நிறுவனத்துடையது ஒன்று. எல்லை விஷயத்தில் இரண்டாவதுதான் செல்லும். அதையும், முதன்மை ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பார்த்துக்கொள்ளுங்கள். கணவர் ஓட்டுவார், மனைவியின் கார்டு என்று கவுன்ட்டரில் நின்றால் பல இடங்களில் கார் கிடைக்காது. டெபிட் கார்டை ஏற்காத இடங்களும் நிறைய. மாற்றி மாற்றி ஓட்டப்போகிறீர்கள் என்றால் இருவர் பெயரும் ஒப்பந்தத்தில் ஏற வேண்டும்.

மூன்றாம் படி: காப்பீட்டில் இரண்டு பாதிகள்

இந்தப் பகுதியைத்தான் நண்பர்களிடம் நேரம் எடுத்துச் சொல்வேன், ஏனென்றால் பெரிய பணம் போகும் இடம் இதுதான்.

முதல் பாதி, மூன்றாம் நபர் காப்பீடு. நீங்கள் இன்னொருவருடைய காரை இடித்தால் அவருக்குப் போகும் இழப்பீடு. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, ஒன்றிய நாடு ஒன்றில் பதிவான காரின் மூன்றாம் நபர் காப்பீடு ஒன்றியம் முழுவதும் செல்லும். ஜெர்மன் நம்பர் பிளேட் உள்ள கார் ஸ்லோவேனியாவில் இடித்தாலும் அடிபட்டவருக்கு இழப்பீடு கிடைக்கும். இதற்குத் தனிச் சான்று காட்ட வேண்டியதில்லை; நம்பர் பிளேட்டே சான்று. கிரீன் கார்டு என்கிற சர்வதேசக் காப்பீட்டுச் சான்று, துருக்கி போல ஒன்றியத்துக்கு வெளியே போகும்போதுதான் பேச்சுக்கு வரும்.

இரண்டாம் பாதி, நீங்கள் ஓட்டும் காருக்கே வரும் சேதம். இதற்கு ஜெர்மனியில் ஃபோல்காஸ்கோ என்பார்கள். இது சட்டத்தால் வருவதல்ல, ஒப்பந்தத்தால் வருவது. அனுமதிக்காத நாட்டுக்குள் போனால் முதலில் கழன்றுபோவது இதுதான். கார் திருடு போனாலோ நொறுங்கினாலோ முழு விலையையும் உங்களிடம் கேட்க அவர்களுக்கு வழி கிடைத்துவிடும். கூடவே, அடிபட்டவருக்குக் கொடுத்த தொகையிலும் ஒரு பங்கை உங்களிடம் வசூலிக்கப் பார்க்கலாம்.

ஒப்பந்தத்தில் செல்ப்ஸ்ட்பெட்டைலிகுங் என்று ஒரு தொகை இருக்கும். சேதம் வந்தால் உங்கள் கையிலிருந்து போகிற பங்கு அது. 1,000 யூரோ அளவில் இருப்பது சாதாரணம். அதைச் சுழியமாக்கிக்கொள்ள கவுன்ட்டரில் கூடுதல் காப்பீடு விற்பார்கள். வெளியே தனியாகவும் வாங்கலாம், விலை குறைவு. ஆனால் வெளியே வாங்கியதில், சேதம் வந்தால் முதலில் நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு திரும்பப் பெற வேண்டும். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு, சற்று விலை கூடினாலும் கார் நிறுவனத்திடமே சுழியமாக்கிக்கொள்வதுதான் என் பரிந்துரை. எதை வாங்கினாலும் கண்ணாடி, டயர், காரின் அடிப்பகுதி மூன்றும் அடங்குமா என்று பாருங்கள். ரோவின் இருக்கும் இஸ்திரியா தீபகற்பத்தின் கல்லுச் சாலைகளில் அடிபடுவது அவைதான்.

நான்காம் படி: சாவி வாங்கியதும், கிளம்பும் முன்

பார்க்கிங்கை விட்டு வெளியே போகும் முன் காரைச் சுற்றி வீடியோ எடுங்கள். சக்கர விளிம்புகளையும் கூரையையும் விடாதீர்கள். அப்புறம் டிக்கியைத் திறந்து எச்சரிக்கை முக்கோணம், முதலுதவிப் பெட்டி, ஒளிரும் மேலாடை மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். ஆஸ்திரியாவில் மூன்றும் கட்டாயம். மேலாடை ஒன்றுதான் இருக்கும். இன்னும் ஒன்றிரண்டு கேட்டு வாங்கி, டிக்கியில் அல்ல, உட்காரும் இடத்தில் கைக்கெட்டும்படி வையுங்கள். கார் நின்றுபோனால் அதைப் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

பதிவுச் சான்று, வாடகை ஒப்பந்தம் இரண்டும் காரில் இருக்க வேண்டும். குளிர்காலம் என்றால் டயர். ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை பனிச் சூழலில் குளிர்கால டயர் வேண்டும். ஸ்லோவேனியாவில் நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை. டயரின் பக்கச் சுவரில் மூன்று முகடு மலையும் நடுவில் பனித்துகளும் கொண்ட சின்னம் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

ஐந்தாம் படி: டோல்

நம் ஊரில் ஃபாஸ்டேக் ஒன்றை ஒட்டிவிட்டால் நாடு முழுவதும் போகலாம். ஐரோப்பாவில் ஒவ்வொரு நாட்டுக்கும் தனி முறை.

ஜெர்மனியில் கார்களுக்கு ஆட்டோபான் இலவசம்.

ஆஸ்திரியாவில் விக்னெட். குறிப்பிட்ட நாட்களுக்கு நெடுஞ்சாலையைப் பயன்படுத்தக் கட்டும் தொகை. 2025இல் ஒரு நாளுக்கு 9.30 யூரோ, 10 நாளுக்கு 12.40 யூரோ. வித்தியாசத்தைப் பார்த்தால் 10 நாள் வாங்குவதே புத்திசாலித்தனம். டிஜிட்டல் விக்னெட்டை நெடுஞ்சாலை நிறுவனமான ஆஸ்ஃபினாக்கின் சொந்தத் தளத்திலோ ஆப்பிலோ வாங்குங்கள். தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் கூடுதல் கட்டணம் வாங்கும் இடைத்தரகர் தளங்களாக இருக்கும். எல்லைக்கு முன் உள்ள பெட்ரோல் பங்குகளிலும் கிடைக்கும். சால்ஸ்பர்க் நகரம் மட்டும் போதும் என்பவர்களுக்கு ஒரு சலுகை உண்டு: வால்சர்பெர்க் எல்லையிலிருந்து சால்ஸ்பர்க் வடக்கு வெளியேறும் வழி வரை 2019 டிசம்பரிலிருந்து விக்னெட் தேவையில்லை. அதேபோல் குஃப்ஷ்டைன் எல்லையிலிருந்து குஃப்ஷ்டைன் தெற்கு வரை.

டிஜிட்டல் விக்னெட் நம்பர் பிளேட்டோடு கட்டப்பட்டது. வாடகைக் காரின் எண் சாவி கையில் வரும்போதுதான் தெரியும். எனவே பார்க்கிங்கிலேயே நின்று, பிளேட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்யுங்கள். ஜெர்மன் பிளேட்டில் ஊர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துகளுக்கும் நடுவில் இரண்டு வட்ட முத்திரைகள் இருக்கும். அவை எழுத்தல்ல, விட்டுவிடுங்கள். இடைவெளியும் கோடும் வேண்டாம். முதலில் எழுத்துகள், பிறகு எண்கள் என்பதுதான் வரிசை. எண் பகுதி சுழியத்தில் தொடங்காது. ஆகவே எண்ணுக்கு முன்னால் உருண்டையாக ஒன்று இருந்தால் அது ஓ என்ற எழுத்து, சுழியமல்ல. மின்சாரக் காராக இருந்தால் கடைசியில் ஈ என்ற எழுத்து வரும். அதுவும் எண்ணின் பகுதி, விட்டுவிடக் கூடாது. யூ எழுத்தின் மேல் இரண்டு புள்ளி இருந்தால் அப்படியே போட வேண்டும். நாடு என்ற இடத்தில் ஜெர்மனியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீங்கள் வந்த நாட்டை அல்ல, கார் பதிவான நாட்டை. வழியில் கார் பழுதாகி வேறு கார் கொடுத்தால், புது எண்ணுக்கு மறுபடியும் வாங்க வேண்டியிருக்கும். பழைய ரசீதை வைத்து நிறுவனத்திடம் கேளுங்கள்.

விக்னெட் இருந்தாலும் ஆஸ்திரியாவில் சில மலைப் பகுதிகளுக்குத் தனி டோல் உண்டு. சால்ஸ்பர்க்கிலிருந்து வில்லாக் போகும் ஏ10 சாலையில் டௌவர்ன், காட்ஷ்பெர்க் சுரங்கங்களுக்கு 14 யூரோவுக்கு மேல். வில்லாக் தாண்டி ஸ்லோவேனியாவுக்குள் நுழையும் காரவாங்கன் சுரங்கத்துக்கு 8 யூரோவுக்கு மேல். கிட்டத்தட்ட 8 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் அது. ஒரு நாட்டில் நுழைந்து இன்னொரு நாட்டில் வெளியே வருவீர்கள். ஜூலை, ஆகஸ்ட் சனிக்கிழமைகளில் கடலுக்குப் போகும் ஜெர்மானியர்கள் எல்லாரும் அந்த வாயிலில்தான் நிற்பார்கள். முடிந்தால் வார நடுவில் கடந்துவிடுங்கள். இல்லையென்றால் கிளாகன்ஃபுர்ட் பக்கமிருந்து லோய்பல் கணவாய் வழி இருக்கிறது. டோல் இல்லை, வளைவுகள் அதிகம், காட்சி அருமை.

சுரங்கத்தை விட்டு வெளியே வந்த உடனேயே ஸ்லோவேனியாவின் விக்னெட் தேவைப்படும். இ-வின்யேட்டா என்று பெயர். டார்ஸ் என்ற அரசு நிறுவனத்தின் தளத்தில் வாங்கலாம். ஸ்டிக்கர் முறை முடிந்துவிட்டது, எல்லாமே எண் வழிதான். 2025இல் 7 நாளுக்கு 16 யூரோ, மாதத்துக்கு 32. இல்லாமல் பிடிபட்டால் குறைந்தபட்சம் 300 யூரோ அபராதம். இதில் பலரும் மாட்டுவது இரண்டாம் முறை கடக்கும்போது. குரோஷியாவிலிருந்து டிரியெஸ்டே போகும் வழியில் கோப்பர் நகரத்தருகே சில கிலோமீட்டர் ஸ்லோவேனிய விரைவுச்சாலை வரும். "பத்து நிமிஷம்தானே" என்று தோன்றும். விக்னெட்டின் 7 நாள் அதற்குள் முடிந்திருந்தால் அந்தப் பத்து நிமிஷத்துக்கும் 300 யூரோதான். நாட்களை எண்ணி, தேவையென்றால் முதலிலேயே மாத விக்னெட் வாங்குங்கள். இல்லையென்றால் மேப்பில் டோல் சாலைகளைத் தவிர்க்கச் சொல்லிப் பழைய சாலையில் போகலாம்.

குரோஷியாவிலும் இத்தாலியிலும் நமக்குப் பழகிய முறை: நுழையும்போது சீட்டு, வெளியேறும்போது தூரத்துக்கு ஏற்பப் பணம். இத்தாலியில் வரிசையைத் தேர்ந்தெடுப்பதுதான் சூட்சுமம். மஞ்சள் பலகையில் டெலிபாஸ் என்று மட்டும் இருந்தால் அது சந்தாக்காரர்களுக்கு, அங்கே போகாதீர்கள். நீலப் பலகை, கார்டுக்கு. கையும் நாணயமும் வரைந்த வெள்ளைப் பலகை, ரொக்கத்துக்கு. தவறான வரிசையில் மாட்டிக்கொண்டால் எந்தக் காரணத்துக்காகவும் பின்னால் எடுக்கக் கூடாது. நெடுஞ்சாலையில் பின்னோக்கி ஓட்டுவது பெரிய குற்றம். உதவிப் பொத்தானை அழுத்துங்கள். கட்டாத தொகைக்கு ஒரு சீட்டு வரும். 15 நாளுக்குள் ஆன்லைனில் கட்டினால் அபராதம் இல்லை.

திரும்பும் வழியில் பிரென்னர். இத்தாலியப் பக்கம் ஏ22இல் சீட்டு முறை. ஆஸ்திரியப் பக்கம் ஏ13 முழுவதும் தனி டோல், 12 யூரோ அளவில். அங்கே விக்னெட் வேண்டாம். ஆனால் இன்ஸ்புருக்கில் ஏ12இல் ஏறியதும் விக்னெட் வேண்டும். 10 நாளைத் தாண்டித் திரும்பினால் ஒரு நாள் விக்னெட் வாங்கிக்கொள்ளுங்கள். பிரென்னர் சாலையில் லூக் பாலத்தின் சீரமைப்புக்காக 2025 ஜனவரியிலிருந்து தடங்களைக் குறைத்திருக்கிறார்கள். வார இறுதியில் நேரம் கூடுதலாக வையுங்கள். நெரிசலைப் பார்த்து மேப் குறுக்கு வழி காட்டினாலும் நம்ப வேண்டாம். விடுமுறைக்கால வார இறுதிகளில் டிரோல், சால்ஸ்பர்க் மாநிலங்களில் நெடுஞ்சாலையை விட்டு ஊர்ச் சாலைகளில் இறங்குவதற்கே தடை இருக்கும், போலீஸ் திருப்பி அனுப்பும்.

ஆறாம் படி: எல்லையில்

ஷெங்கன் என்றால் சோதனையே இல்லை என்று அர்த்தமல்ல. ஜெர்மனி 2024 செப்டம்பர் 16 முதல் தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை வைத்தது. ஆஸ்திரியாவிலிருந்து திரும்பும் வழியில் அது 2015இலேயே தொடங்கிவிட்டது. ஸ்லோவேனியாவும் இத்தாலியும் 2023 அக்டோபரில் தங்கள் கிழக்கு எல்லைகளில் தொடங்கின. பெரும்பாலும் வேகம் குறைத்து, கூடாரத்துக்குள் நிற்கும் போலீஸ்காரர் கை அசைக்க, கடந்துவிடுவீர்கள். சில நேரம் ஓரமாக நிறுத்தச் சொல்வார்கள். கண்ணாடியை இறக்கி, இன்ஜினை அணைத்து, எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் கொடுங்கள். கூடவே ஒப்பந்தத்தையும் கேட்கலாம். பாஸ்போர்ட்டுகள் டிக்கியில் பெட்டிக்கு அடியில் இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். தோல் நிறத்தால் நம்மை நிறுத்தும் வாய்ப்பு அதிகம் என்பது பல தமிழர்கள் சொல்லும் அனுபவம். தாள்கள் ஒழுங்காக இருந்தால் பேச்சு சில நிமிடங்களில் முடியும்.

ஏழாம் படி: நாடு மாறினால் விதியும் மாறும்

வலப்பக்க ஓட்டம் முதல் நாளே பழகிவிடும். தடுமாற்றம் வருவது ஆளில்லாத இடங்களில்தான்: விடியற்காலையில் பெட்ரோல் பங்கிலிருந்து காலிச் சாலையில் ஏறும்போது கை தானாக இடப்பக்கம் திருப்பும். ரவுண்டானாவில் எதிர்க்கடிகாரத் திசை; உள்ளே இருப்பவருக்கே பொதுவாக முன்னுரிமை.

ஆஸ்திரியா, ஸ்லோவேனியா, குரோஷியா, இத்தாலி நான்கிலும் நெடுஞ்சாலை வேகம் 130. இத்தாலியில் மழை பெய்தால் 110. ஆஸ்திரியாவில் ஐஜி-எல் என்று எழுதிய பலகை தெரிந்தால் காற்று மாசுக்காக 100 ஆகக் குறைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஊருக்குள் எல்லா இடத்திலும் 50. ஸ்லோவேனியாவில் பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். ரத்தத்தில் மது அளவின் வரம்பு இந்த ஐந்து நாடுகளிலும் லிட்டருக்கு 0.5 கிராம், ஹங்கேரி, செக் பக்கம் போனால் சுழியம். ஓட்டுகிற அன்று குடிக்காமல் இருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம்.

நெரிசலில் வண்டிகள் நிற்கத் தொடங்கியதும் இடக்கோடித் தடத்தில் இருப்பவர் இடப்பக்கம் ஒதுங்க வேண்டும். மற்றவர்கள் எல்லாரும் வலப்பக்கம். நடுவே ஆம்புலன்ஸ் போக வழி. ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவேனியாவில் இது கட்டாயம். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்ட பிறகல்ல, வேகம் குறையும்போதே செய்ய வேண்டும். ஒரு மலைச் சுரங்கத்துக்கு முன் நூற்றுக்கணக்கான வண்டிகள் இப்படிப் பிளந்து நிற்பதைப் பார்த்தால் மனதுக்கு அத்தனை நிறைவாக இருக்கும்.

எரிபொருளில் பெயரை நம்பாமல் சின்னத்தைப் பாருங்கள். 2018 அக்டோபரிலிருந்து ஒன்றியம் முழுவதும் ஒரே அடையாளம்: பெட்ரோலுக்கு வட்டம், உள்ளே இ5 அல்லது இ10, டீசலுக்குச் சதுரம், உள்ளே பி7. அதே சின்னம் காரின் எரிபொருள் மூடிக்குள்ளும் இருக்கும். வட்டத்துக்கு வட்டம், சதுரத்துக்குச் சதுரம். இத்தாலியில் டீசலுக்கு கசோலியோ என்று பெயர். பெட்ரோல் என்று எண்ணிப் போட்டுவிட வேண்டாம். அங்கே "செர்விதோ" என்று எழுதிய பம்பில் ஆள் வந்து போடுவார், விலை கூடுதல்.

ஊர்களுக்குள் நுழையும்போது காரை வெளியே விடுங்கள். பிரானில் பழைய ஊருக்குள் வெளியூர்க் கார் போகாது; ஃபொர்னாச்சே பார்க்கிங்கில் விட்டு நடக்கலாம். வெனிஸுக்கு மெஸ்த்ரேயில் விட்டு ரயிலேறுங்கள். இத்தாலிய நகரங்களில் இசட்-டி-எல் என்ற மூன்றெழுத்துப் பலகையும் சிவப்பு வட்டமும் இருந்தால் அனுமதி பெற்ற வண்டிகள் மட்டுமே உள்ளே போகலாம். வெரோனாவின் பழைய நகரமும் அப்படித்தான். கேமரா ஒவ்வொரு நுழைவையும் தனித்தனியாக எடுக்கும். வழி தெரியாமல் மூன்று முறை சுற்றினால் மூன்று அபராதம். ஹோட்டல் உள்ளே இருந்தால், காரின் எண்ணை முன்கூட்டியே கொடுத்துப் பதிவு செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

எட்டாம் படி: இடித்துவிட்டால்

112 எல்லா நாட்டிலும் ஒன்றுதான். மேலாடை போட்டு, முக்கோணம் வைத்து, தடுப்புக்கு அப்பால் நின்றபின் பேசுங்கள். சிறு உரசலாக இருந்தாலும் போலீஸை அழையுங்கள். பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் அதைக் கேட்கின்றன.

அப்புறம் ஐரோப்பிய விபத்துப் படிவம். கையுறைப் பெட்டியில் இருக்கும். எந்த மொழியில் இருந்தாலும் அமைப்பு ஒன்றே என்பதால், எதிரே இருப்பவர் ஸ்லோவேனிய மொழிப் படிவம் நீட்டினாலும் உங்கள் போனில் ஆங்கிலப் படிவத்தைத் திறந்து வைத்து எண் பார்த்து நிரப்பலாம். இடப்பக்கம் நீலப் பத்தி, வலப்பக்கம் மஞ்சள் பத்தி. நடுவில் 12ஆம் இடத்தில் 17 கட்டங்கள்: நின்றிருந்தது, பார்க்கிங்கிலிருந்து வெளியே வந்தது, பின்னால் இடித்தது என்று. உங்களுக்குப் பொருந்துவதில் மட்டும் குறியிட்டு, எத்தனை கட்டம் குறித்தீர்கள் என்ற எண்ணையும் கீழே எழுத வேண்டும். 13இல் படம் வரைய வேண்டும். தடக்கோடுகளையும் அம்புக்குறிகளையும் போடுங்கள். 15இல் கையெழுத்து. தவறு யாருடையது என்று ஒப்புக்கொள்ளும் தாள் அல்ல அது, நடந்ததைப் பதியும் தாள். புரியாத மொழியில் 14ஆம் இடத்தில் எதிராளி ஏதாவது எழுதியிருந்தால் மொழிபெயர்த்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒன்பதாம் படி: காரை விட்டபிறகு

ஆள் இருக்கும் நேரத்தில் திரும்ப விட்டு, சேதமில்லை என்று எழுதி வாங்குங்கள். சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தால் மறுபடியும் சுற்றி வீடியோ, எரிபொருள் முள்ளையும் கிலோமீட்டரையும் சேர்த்து.

அபராதங்கள் மெதுவாகத்தான் வரும். கேமராவில் பதிந்தால் முதலில் கார் நிறுவனத்துக்குப் போகும். அவர்கள் உங்கள் விவரத்தைக் கொடுத்துவிட்டு அந்த வேலைக்கு ஒரு கட்டணத்தைக் கார்டில் எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கட்டணம் அபராதம் அல்ல. அபராதம் தனியாக வரும். இத்தாலி, வெளிநாட்டில் வசிப்பவருக்கு 360 நாள் வரை எடுத்துக்கொண்டு அறிவிப்பு அனுப்பலாம். சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அந்தக் கடிதம் வந்தால், 5 நாளுக்குள் கட்டினால் பொதுவாக 30 சதவீதம் தள்ளுபடி உண்டு. ஒப்பந்தம், விக்னெட் ரசீதுகள், டோல் சீட்டுகள் எல்லாவற்றையும் போனில் படமெடுத்து ஒரே கோப்புறையில் போட்டு ஒன்றரை வருடமாவது அழிக்காமல் வையுங்கள். விக்னெட் இல்லாமல் ஓட்டினீர்கள் என்று தாள் வந்தால், எண்ணும் தேதியும் தெரியும் அந்த ரசீதுதான் உங்கள் பதில்.